மின்சார சைக்கிளுக்கு ஆப் எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

மின்சார சைக்கிள் வாங்கலாமா என்று யோசிக்கிறவர்கள் இப்போது முதலில் பார்ப்பது அதில் ஆப் இருக்கிறதா, ஜிபிஎஸ் இருக்கிறதா, போனை வைத்துப் பூட்ட முடியுமா என்றுதான். நான்கு வருடமாக தினமும் ஓட்டுகிறவன் என்ற முறையில் என் அனுபவத்தைச் சொல்லலாம் என்று எழுதுகிறேன்.

போன மழைக்காலத்தில் என் சைக்கிளின் டிஸ்பிளேக்குள் தண்ணீர் இறங்கி அணைந்துவிட்டது. மோட்டார் நன்றாக இருந்தது, பேட்டரியில் பாதிக்கு மேல் சார்ஜ் இருந்தது, ஆனால் அந்தச் சைக்கிளில் டிஸ்பிளேயிலிருந்து தகவல் வந்தால்தான் கண்ட்ரோலர் மோட்டாருக்கு மின்சாரம் விடும், அதனால் 25 கிலோ வண்டியை வெறும் காலால் மிதித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். அப்புறம் வேறு டிஸ்பிளே மாட்டலாம் என்றால் கனெக்டர் பொருந்தவில்லை, அந்த மாடலை நிறுத்திவிட்டோம் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். வேகத்தையும் சார்ஜையும் காட்டுவதற்கான ஒரு சின்னத் திரை போய், ஓடக்கூடிய வண்டி இரண்டு மாதம் சும்மா நின்றது.

அதற்காக எல்லாத் தொழில்நுட்பமும் வீண் என்று சொல்ல வரவில்லை. டார்க் சென்சார் (மிதிக்கும் அழுத்தத்தை அளக்கும் கருவி) கட்டாயம் வேண்டும் என்பேன். விலை குறைந்த சைக்கிள்களில் இருக்கும் கேடன்ஸ் சென்சாருக்கு பெடல் சுற்றுகிறதா இல்லையா என்பது மட்டும்தான் தெரியும், மெதுவாகச் சுற்றினாலும் அது பாட்டுக்கு மோட்டாரைத் தள்ளிவிடும், நெரிசலில் இது பயமாகவே இருக்கும். டார்க் சென்சார் நாம் எவ்வளவு அழுத்தி மிதிக்கிறோம் என்று பார்த்து அதற்கேற்ற உதவியைக் கொடுக்கும், மேட்டில் ஏறும்போது காலுக்கே அந்த வித்தியாசம் புரியும். அதேபோல பேட்டரிக்குள் இருக்கும் பிஎம்எஸ் என்ற பாதுகாப்பு மின்சுற்று, அது கண்ணில் படாது, விளம்பரத்திலும் பெரிதாக வராது, ஆனால் செல்கள் அளவுக்கு மீறி சார்ஜ் ஆகாமல், அடியோடு தீர்ந்துவிடாமல், ஷார்ட் ஆனால் மின்சாரத்தைத் துண்டித்து லித்தியம் பேட்டரியைக் காப்பது அதுதான். இதில் மட்டும் காசு மிச்சம் பிடிக்கவே கூடாது. முக்கிய பேட்டரியிலிருந்தே எரியும் விளக்கு, நல்ல டிஸ்க் பிரேக், இவையும் சரி.

பிரேக் பிடித்தால் பேட்டரி சார்ஜ் ஆகும் என்று சொல்லி விற்கிறார்களே, அதை நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆளும் வண்டியுமாக 100 கிலோ, 25 கிலோமீட்டர் வேகத்தில் போய் நிறுத்தினால் அந்த ஓட்டத்தில் இருக்கும் மொத்த ஆற்றலே சுமார் 0.67 வாட் ஹவர். முழுவதும் திரும்பக் கிடைத்தால்கூட (கிடைக்காது) 400 வாட் ஹவர் பேட்டரியில் அது அரை சதவீதம்கூட இல்லை. நீளமான மலை இறக்கங்களில் தினம் போகிறவர்களுக்கு ஓரளவு பயன் இருக்கலாம், மற்றவர்கள் இதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

எனக்கு உண்மையில் கவலை தருவது ஆப் பூட்டுதான். 2023 ஜூலையில் நெதர்லாந்தின் வான்மூஃப் என்ற மின்சார சைக்கிள் நிறுவனம் திவாலானது. அந்தச் சைக்கிள்களுக்கான டிஜிட்டல் சாவி நிறுவனத்தின் சர்வரிலிருந்துதான் ஆப்புக்கு வரும், சர்வர் நின்றுபோனால் என்ன ஆகும் என்று வாங்கியவர்கள் எல்லாம் தவித்தார்கள். போட்டி நிறுவனமான பெல்ஜியத்தின் கவ்பாய், அந்தச் சாவியை எடுத்துப் போனிலேயே பத்திரப்படுத்த ஒரு ஆப் செய்து கொடுத்தது. சில வாரங்களில் வேறொரு நிறுவனம் வான்மூஃபை வாங்கியது, சரிதான், ஆனால் முழுப் பணமும் கொடுத்து வாங்கிய சைக்கிளை ஓட்டுவதற்கு இவ்வளவு பேரின் தயவு எதற்கு வேண்டியிருக்கிறது? சாவி போட்டுத் திறக்கும் ஒரு நல்ல யு வடிவ இரும்புப் பூட்டுக்கு சர்வரும் வேண்டாம், சார்ஜும் வேண்டாம். திருட்டு பயம் இருந்தால் தனியாக ஒரு டிராக்கரை சீட்டுக்கு அடியில் ஒட்டிக்கொள்ளலாம், அது கெட்டாலும் வண்டி ஓடும்.

உங்கள் இதழில் புதிய மின்சார சைக்கிள்களைப் பற்றி எழுதும்போது இரண்டு விஷயங்களைச் சோதித்துப் போடுங்கள். போனை அணைத்துவிட்டால் அந்தச் சைக்கிள் ஓடுகிறதா, அதன் டிஸ்பிளேயும் பேட்டரியும் கெட்டால் வேறு நிறுவனத்தின் பாகம் பொருந்துமா? நான் வாங்குவதற்கு முன் யாராவது இதை எழுதியிருந்தால் வேறு மாடல்தான் வாங்கியிருப்பேன்.

இப்படிக்கு,
தினமும் சைக்கிளில் போகும் ஒரு வாசகர்