சமதரையில் ஓடும் காருக்கு 2700 சீசீ எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் தொடங்கியபின் எங்கள் மட்டக்களப்புப் பக்கம் கார் வாங்க வருபவர்கள் முதலில் கேட்பது, "மலைநாட்டுப் பதுளை ஏற்றம் இழுக்குமா?" என்பதுதான். வருடத்தில் இரண்டு தடவை போகும் ஏற்றத்துக்காக 2700 சீசீ கொள்ளளவுள்ள பெரிய எஞ்சினை வாங்கி, மிச்ச நாளெல்லாம் பெற்றோலைக் கொட்ட வேண்டுமா?

ஒரு தொன் எடையுள்ள கார் சமதரையான கல்முனை வீதியில் 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓட ஐந்தாறு குதிரைவலு போதும். செங்கலடியிலிருந்து பதுளைக்கு நான்கு பேருடன் 40இல் ஏறினால் 20 அளவில் தேவைப்படும். 796 சீசீ அல்டோவில் 47 இருக்கிறது. இழுக்கவில்லை என்பவர்களில் பலர் கியரைக் குறைக்காமல் மிதிப்பவர்கள். இரண்டாம் கியரில் எஞ்சினைச் சுற்றவிடுங்கள், ஏறும்.

பெரிய பெற்றோல் எஞ்சின் மெதுவாக ஓடும்போதுதான் நட்டம் கூடுகிறது. எக்ஸிலேட்டரை இலேசாக மிதித்தால் எஞ்சினுக்குள் காற்றை விடும் த்ரொட்டல் தட்டு முக்கால்வாசி மூடியே நிற்கும். அந்த ஒடுங்கிய வழியால் காற்றை இழுப்பதற்கே எரிபொருளில் ஒரு பங்கு போய்விடும். டீசலில் இந்த இழப்பு மிகக் குறைவு. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கியூஆர் பங்கீட்டு முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர் கிடைத்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். லீற்றருக்கு 17 கிலோமீற்றர் ஓடும் சின்னக் கார் அதில் 340 கிலோமீற்றர், ஏறக்குறைய கொழும்பு வரை, போகும். 8 ஓடும் ஜீப் 160 கிலோமீற்றரில், பாதி வழியில் நின்றுவிடும்.

அதற்காக எல்லோருக்கும் 660 சீசீ பொருந்தும் என்று சொல்லவில்லை. ஐந்து பேர், நெல் மூட்டை, ஏசி என்று தினமும் ஏற்றுபவருக்கு அது கூடாது. முழுதாக மிதித்தே ஓட்டினால் எஞ்சின் தன்னைக் காக்கக் கூடுதல் பெற்றோலைத் தெளிக்கும், சிக்கனம் அங்கேயே போய்விடும். அவர்களுக்கு 1300, 1500தான் சரி.

ஒக்டேன், அதாவது பெற்றோல் எஞ்சினில் தட்டாமல் எரியும் தன்மையின் அளவு, அந்த விடயத்திலும் வீண் செலவு நடக்கிறது. ஜப்பானில் சாதாரண பெற்றோல் ஒக்டேன் 90 அளவுதான். அதற்கென அமைத்த காருக்கு இங்கே 92 தாராளம். 95 கேட்கும் ஐரோப்பிய டர்போ காருக்கு 92 அடித்தால் பெற்றோல் நேரம் தவறி வெடித்து எஞ்சின் தட்டும். அதைத் தடுக்கக் கணினி தீப்பொறியைப் பிந்தவிடும். இழுவையும் குறையும், செலவும் கூடும்.

ஹைபிரிட் வைத்திருப்போர் பின்சீற்று ஓரத்திலுள்ள, பற்றரியைக் குளிர்விக்கும் காற்றுத் துளையைப் பையால் மூடாதீர்கள். எங்கள் மணல் தூசி அடைத்தாலே பற்றரி சூடேறும்.

சிக்கனத்தை டேஷ்போர்ட் திரையில் பார்த்து நம்பவேண்டாம். டாங்கை முழுதாக நிரப்பி, 300 கிலோமீற்றர் ஓட்டி, அதே பம்பில் மறுபடி நிரப்பி, ஓடிய கிலோமீற்றரை இரண்டாவதாக நிரப்பிய லீற்றரால் வகுத்துப் பாருங்கள். டயர் காற்றை முதலில் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்கு, டயர் குளிர்ந்திருக்கும்போது சரிசெய்துவிட வேண்டும்.

வாகனத் திருத்துநர் ஒருவர்,
களுவாஞ்சிகுடி