கியூ வீட்டுப் படம் கிடைத்தது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. வேலூரில் எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை.

லண்டன் கியூ தோட்டத்துச் செங்கல் வீட்டின் முன்னால் நின்று படம் எடுத்து, ‘பைத்தியக்கார ராஜா வீடு’ என்று எழுதி அனுப்பியிருந்தாய். முப்பது வருஷம் சரித்திரம் நடத்தியவன் சும்மா இருப்பேனா? முதலில் ஒரு திருத்தம். 1788-இல் இங்கிலாந்து ராஜா மூன்றாம் ஜார்ஜுக்குப் புத்தி பேதலித்தபோது அவரை அடைத்து வைத்தது அங்கே இல்லை, எதிரே இருந்த வெள்ளை வீட்டில். அதை அப்புறம் இடித்துவிட்டார்கள். வில்லிஸ் என்ற வைத்தியர் கைகளை மடக்கிக் கட்டும் சட்டையை மாட்டி, நாற்காலியில் பிணைத்து உட்கார வைப்பார். அந்த நாற்காலிக்கு ராஜா வைத்த பெயர் ‘முடிசூட்டு நாற்காலி’. புத்தி போனாலும் கிண்டல் போகவில்லை பார். 1789 பிப்ரவரியில் தெளிந்துவிட்டது.

1760-இல், 22 வயதில் பட்டத்துக்கு வந்து 59 வருஷம் இருந்தவர். 1769-இல் சுக்கிரன் சூரியனைக் கடப்பதைப் பார்க்கவே ஒரு வானாய்வுக்கூடம் கட்டினார். நீ படிக்கப் போகும் பிரிட்டிஷ் நூலகத்தின் நடுவே கண்ணாடிக் கோபுரம் இருக்கிறதே, அதில் இருப்பவை அவர் சேர்த்த 65,000 புத்தகங்கள்.

அமெரிக்காவை இழந்தவர் என்றுதான் பாடப்புத்தகத்தில் போடுவோம். அமெரிக்கர்களைக் கிளப்பிவிட்ட வரியைப் போட்டது நாடாளுமன்றம். ஆனால் தோற்ற பிறகும் விடமாட்டேன் என்று நின்றது இவர். 1785-இல் அமெரிக்கத் தூதராக ஜான் ஆடம்ஸ் வந்தபோது, பிரிவினைக்குக் கடைசியாகச் சம்மதித்தவன் நான், பிரிந்த பின் நட்பை ஏற்பதில் முதல் ஆளாக இருப்பேன் என்றார். பெரிய மனசுதான்.

அந்த மனசு வீட்டுக்குள் வரவில்லை. பதினைந்து பிள்ளைகளில் ஆறு பெண்கள். மூத்தவளை 1797-இல், முப்பது வயதில்தான் கட்டிக்கொடுத்தார். மேரிக்கும் எலிசபெத்துக்கும் கல்யாணம் ஆனது, அவர் நினைவு தப்பி, மகன் ஆள வந்த பிறகு. பெண்கள்மேல் உயிர், பாப்பா. அதனால்தான் அனுப்பவில்லை. கடைக்குட்டி அமீலியா ஒரு படை அதிகாரியை விரும்பினாள். ராஜா சம்மதிக்காமல் அரச குடும்பத்தில் யாரும் மணக்கக் கூடாது என்று 1772-இல் சட்டம் கொண்டுவந்ததே அப்பன்தான். 1810-இல், 27 வயதில் அவள் போய்ச் சேர்ந்தாள். சாகும்முன் தன் முடி வைத்த மோதிரத்தை அப்பன் விரலில் போட்டாள். அவருக்கு அப்போதே பார்வை மங்கிவிட்டிருந்தது. அதன் பிறகு புத்தி திரும்பவே இல்லை.

நம் பாலாற்றங்கரை முத்து மண்டபத்தில் கிடக்கும் இலங்கையின் கண்டி ராஜா நினைவிருக்கிறதா? 1815-இல் அவருடைய நாட்டை எழுதி வாங்கியது இந்த ஜார்ஜ் பெயரில்தான். வாங்கியவர் விண்ட்சர் கோட்டையில் பார்வையில்லாமல், இன்ன தேதி என்று தெரியாமல் இருந்தார். மூன்று வருஷம் கழித்து, நீ படம் எடுத்த வீட்டில் அவர் மனைவி சார்லட் இறந்தாள். அதுவும் அவருக்குத் தெரியாது.

அமீலியா சாகவில்லை, ஹனோவரில் குடும்பத்தோடு சௌக்கியமாக இருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். ஹனோவர் அவர் பாட்டன் பூட்டன் ஊர். அவர் ஒருநாளும் போனதில்லை.

உன் படிப்புக் கடனுக்கான ஃபாரம் ஞாபகம் இருக்கிறதா? கண்ணாடி தொலைந்துவிட்டது என்று கையெழுத்துப் போடாமல் பத்து நாள் இழுத்தேன். கண்ணாடி என் சட்டைப் பையில்தான் இருந்தது. அம்மாவுக்குத் தெரியும், உன்னிடம் சொல்லவில்லை போலிருக்கிறது.

யாரைப் பற்றியோ அம்மாவிடம் சொன்னாயாமே. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. என்னிடமும் சொல். அந்தப் பிள்ளையின் படம் இருந்தால் அனுப்பு, கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா