ஐந்தே நாளில் மருந்தா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒரு பல்கலைக்கழகம் நடத்தும் 'மருந்துக் கண்டுபிடிப்பில் செயற்கை நுண்ணறிவு' என்ற ஐந்து நாள் சான்றிதழ் வகுப்பைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். "பத்தாண்டு வேலையைக் கணினி சில மணி நேரத்தில் முடித்துவிடும், இனி ஆய்வகத்தில் கிடந்து அல்லாட வேண்டியதில்லை" என்று அதில் ஒரு வரி. அல்லாடியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

28 ஆண்டுகள் மருந்து வேதியியல்தான் என் பிழைப்பு. என் கையால் உருவான சேர்மங்களில் ஒன்றுகூட மருந்துக்கடை வரை போகவில்லை. சோதனைக்குழாயில் நொதியை அழகாகத் தடுக்கும். எலிக்குக் கொடுத்தால் கல்லீரல் ஒரு மணி நேரத்தில் சிதைத்துத் தள்ளிவிடும். எல்லாவற்றையும் தாண்டிய ஒன்று, நாய்களின் இதயத் துடிப்பைக் குலைத்தது. அன்று இரவு எங்கள் குழுவில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மனிதர்களிடம் சோதிக்கும் கட்டத்துக்கு வந்த மருந்துகளிலேயே பத்தில் ஏறக்குறைய ஒன்பது தோற்றுப்போகின்றன என்பது தாங்கள் அறியாததல்ல. அந்தப் பத்தாண்டில் பெரும்பகுதி அங்கேதான் கழிகிறது. நோயாளியின் உடம்பு கணினியின் அவசரத்துக்கு வேலை செய்யாது.

நான் இந்த நுட்பத்துக்கு எதிரியல்ல. ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு நிரல் புரதங்களின் வடிவத்தைக் கணித்தபோது வாயடைத்துப் போனவன்தான். அதை உருவாக்கியவர்களுக்குக் கிடைத்த 2024 வேதியியல் நோபல் பரிசில் எனக்கும் மகிழ்ச்சியே. ஆனால் 2020இல் ஹாலிசினை 'கணினி கண்டுபிடித்த ஆன்டிபயாடிக்' என்று போட்டீர்களே, அந்தக் கணினிக்குப் பாடம் எங்கிருந்து வந்தது? ஈ.கோலை கிருமியின்மேல் 2,300க்கும் மேற்பட்ட சேர்மங்களை ஆய்வகத்தில் சோதித்துப் பார்த்ததிலிருந்து. அப்போதே எழுதினேன். கடிதம் வெளிவந்தது, அந்தப் பத்தி மட்டும் இல்லை. இடம் போதவில்லை போலும். அதே ஆண்டு, செயற்கை நுண்ணறிவின் துணையோடு வடிவமைத்த டிஎஸ்பி-1181 என்ற மருந்து மனிதச் சோதனைக்குப் போனதைக் கொட்டை எழுத்தில் போட்டீர்கள். முதல் கட்டத்தோடு அது கைவிடப்பட்டதற்கு ஒரு துணுக்குகூடக் காணோம்.

இதே மாதிரி வகுப்பொன்றில், வேறோர் இடத்தில், பணம் கட்டி நானும் உட்கார்ந்திருக்கிறேன். முதல் நாள் பைத்தான் என்ற கணினி நிரல் மொழி. இரண்டாம் நாள் மூலக்கூறுகளை எழுத்துகளாக மாற்றும் ஸ்மைல்ஸ். மூன்றாம் நாளே கணினியின் கணிப்பில் 97 சதவீதத் துல்லியம், கைதட்டல்! பார்த்தால், பயிற்சிக்குக் கொடுத்த மூலக்கூறுகளும் சோதனைக்கு வைத்தவையும் மெத்தில் என்ற சின்ன அணுத்தொகுதி ஒன்று கூடக் குறைய இருக்கும் இரட்டைப் பிள்ளைகள். முந்தின நாளே வினாத்தாளைக் கொடுத்துவிட்டுத் தேர்வு வைத்தால் யார்தான் தேற மாட்டார்? கேட்டேன். "நல்ல கேள்வி சார், இடைவேளையில் பேசுவோம்" என்றார் பேராசிரியர். இடைவேளையில் ஆளைக் காணோம். சான்றிதழ் மட்டும் தவறாமல் வந்தது, என் பெயரில் எழுத்துப்பிழையோடு.

இன்னொன்று. தோற்ற சேர்மங்களின் தரவு பெரும்பாலும் வெளியே வருவதே இல்லை. என் 28 ஆண்டுக் குறிப்பேடுகள்கூட ஏதோ ஓர் அலமாரியில் பூட்டிக் கிடக்கின்றன. எது வேலை செய்யாது என்று சொல்லிக்கொடுக்காமல் கணினி எப்படிக் கற்கும்? இதற்கே ஒரு முழு நாள் ஒதுக்கலாம்.

தங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த வகுப்பின் பாடத்திட்டத்தை அடுத்த இதழில் வெளியிடுங்கள். ஐந்து நாளில் ஆய்வகத்துக்கு எத்தனை மணி நேரம் என்று மாணவர்கள் பணம் கட்டுமுன் பார்த்துக்கொள்ளட்டும். கடிதத்தை வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் சான்றிதழ்க் கதையை வெட்டிக்கொள்ளுங்கள்; நாய்கள் வரும் வரியில் கைவைக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்து வேதியியலாளர்