ஆண்டறிக்கை: சங்கப் பட்டறையும் பி.டி.ஓ. ஷாஃப்ட் வேலைகளும்

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும், டிராக்டர் உரிமையாளர்கள், ஓட்டுநர்கள், மெக்கானிக்குகள் என வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். செயற்குழு தவறாமல் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பட்டறையில் நடந்ததை மட்டும் நான் சொல்கிறேன்.

வந்த வேலைகளில் பெரும்பகுதி பி.டி.ஓ. ஷாஃப்ட்தான், அதாவது டிராக்டரின் சுழற்சியைப் பின்னால் மாட்டும் கருவிக்குக் கொண்டுபோகும், ஒன்றுக்குள் ஒன்று நகரும் இரு குழாய்களாலான தண்டு. 'கிராஸ் போச்சு', அதாவது ஷாஃப்ட்டின் மூட்டில் இருக்கும் சிலுவை வடிவத் துண்டு போய்விட்டது என்றுதான் எல்லோரும் தூக்கி வருகிறார்கள். போனது கிராஸ்தான், போக வைத்தது பெரும்பாலும் ஷாஃப்ட்டின் நீளம். ஒரு டிராக்டருக்கு அளந்து வெட்டியதை இரவல் வாங்கி வேறு டிராக்டரில் மாட்டுகிறோம். ஷாஃப்ட் நீளமாக இருந்தால், கருவி ஏறி இறங்கும்போது உள்குழாய் அடிவரை போய் முட்டும். அந்த இடி ஒரு பக்கம் பி.டி.ஓ. பேரிங்கிலும் மறுபக்கம் ரொட்டவேட்டர் (சுழல் கலப்பை) கியர்பாக்ஸிலும் இறங்கும். ஆயில் சீல் கசிந்தால் சீலை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

ஆகவே இந்த ஆண்டு அளக்காமல் எந்த ஷாஃப்ட்டையும் வெளியே அனுப்புவதில்லை என்று வைத்துக்கொண்டோம். கருவியை டிராக்டரில் மாட்டி, இரு முனைகளும் மிக நெருங்கும் நிலையில் ஷாஃப்ட்டின் இரு பாதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக் குறியிடுகிறோம். அந்த நிலையிலும் முட்டாமல் ஓர் அங்குலமாவது இடைவெளி வேண்டும். மிக விலகும் நிலையில் குழாய்கள் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும். வெட்டினால் உள்குழாய், வெளிக்குழாய், மேலே மூடும் பிளாஸ்டிக் கார்டு எல்லாவற்றிலும் ஒரே அளவு. பிசிறை அரம் போட்டு எடுத்து கிரீஸ் தடவிய பிறகே சேர்க்கிறோம்.

கிராஸ் மாற்றுவதில் அவசரம்தான் எதிரி. கிராஸின் முனையில் ஏறும் பேரிங் கப்பை வைஸில் அழுத்தும்போது உள்ளே இருக்கும் உருளை ஊசிகளில் ஒன்று சாய்ந்துவிட்டால் கப் முழுதாக இறங்காது, கப்பைப் பிடித்து நிறுத்தும் சர்க்ளிப் வளையத்தின் காடி பாதிதான் தெரியும். அங்கேதான் சுத்தியல் கைக்கு வரும். வேண்டாம், கப்பைக் கழற்றி, ஊசிகளைக் கெட்டி கிரீஸால் ஒட்டி நிறுத்தி மறுபடி அழுத்துங்கள். நிப்பிள் கிரீஸ் கன் எட்டும் பக்கம் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். கடைசியில் கிரீஸ் நான்கு கப்பிலும் வெளிவர வேண்டும்.

ஒரு உறுப்பினரின் ஷாஃப்ட் கிராஸ் மாற்ற மாற்ற உதறிக்கொண்டே இருந்தது. சதுரக் குழாயைக் கால் திருப்பு தள்ளிச் சேர்த்திருந்தார்கள். கிராஸைப் பிடிக்கும் கவைகளான யோக்குகளில் நடுவில் உள்ள இரண்டும் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். அப்போதுதான் ஒரு ஜாயின்ட் கோணத்தால் உண்டாக்கும் வேக ஏற்ற இறக்கத்தை மற்றது சரிக்கட்டும். கழற்றித் திருப்பிப் போட்டதும் உதறல் நின்றது. ஒரு பைசா உதிரி இல்லை.

ஷியர் போல்ட் உடைந்தால் கெட்டியான போல்ட் போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அது உடைவதற்காகவே வைத்தது. அது உடையாவிட்டால் கியர்பாக்ஸ் உடையும். சீசன் தொடங்கும் முன், பளு மிகும்போது வழுக்கிக்கொடுக்கும் ஸ்லிப் கிளட்ச் துருவில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டுநர்கள் வரப்பில் திரும்பும்போது பி.டி.ஓ.வை நிறுத்திவிட்டுக் கருவியைத் தூக்கினால் எங்கள் வேலை பாதி குறையும்.

கார்டு இல்லாமல் வரும் ஷாஃப்ட்டுகள்தான் பெரிய கவலை. 540 ஆர்.பி.எம். என்றால் நொடிக்கு ஒன்பது சுற்று. வேட்டி நுனியோ துண்டோ மாட்டினால் உருவிக்கொள்ள நேரம் கிடைக்காது. கார்டும் அது சுற்றாமல் பிடிக்கும் சங்கிலியும் இல்லாத ஷாஃப்ட்டைப் பட்டறை ஏற்பதில்லை என்ற செயற்குழு முடிவுக்குப் பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டும். முறுமுறுப்பு இருப்பது தெரியும். இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

இரவல் போன சர்க்ளிப் பிளையரும் புல்லரும் திரும்பவில்லை. எடுத்தவர்கள் கூட்டம் முடிவதற்குள் சொன்னால் பெயர் எழுத மாட்டேன்.

அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்