கருவிக் கூடத்தின் ஏ.சி.யை ஐந்து மணிக்கு நிறுத்தாதீர்கள்: பதிவாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிவாளர் அவர்களுக்கு,

வணக்கம். மின்சிக்கனச் சுற்றறிக்கையைப் பற்றித் தங்களுக்கு விளக்கத் தேவையில்லை, கையெழுத்து தங்களுடையது. மாலை ஐந்து மணிக்கு மேல் மையக் கருவிக் கூடத்தில் ஏ.சி. ஓடக்கூடாது என்ற பத்தியை மட்டும் திரும்பப் பெறுமாறு வேண்டுகிறோம்.

எங்கள் குழு தங்க நானோ துகள்களின் மேல் பி-நிபாம் என்ற பாலிமரைப் போர்த்தி, அவை தாமாகவே ஒழுங்காக அடுக்கிக்கொள்வதை ஆராய்கிறது. இந்தப் பாலிமர் ஏறத்தாழ 32 டிகிரி செல்சியஸ் வரை தண்ணீரில் கரைந்து நிற்கும். அதைத் தாண்டினால் தண்ணீரை உதறிச் சுருண்டு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 1968ஆம் ஆண்டிலேயே கட்டுரையாக வந்துவிட்ட சங்கதி.

சென்ற வாரம், மின்னணு நுண்ணோக்கியில் பார்ப்பதற்காக, 3 மில்லிமீட்டர் அகலமுள்ள செப்பு வலையில் ஒரு சொட்டை இட்டு உலரவிட்டிருந்தோம். ஐந்து மணிக்குக் காவலர் வந்து ஏ.சி.யை அணைத்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மே மாதப் புழுக்கத்தில் சுவரிலிருந்த வெப்பமானி 35ஐத் தொட்டது. குப்பியில் தெளிந்த சிவப்பாக இருந்த கரைசல் கண்ணெதிரே கலங்கியது. கரைசலைக் குளிர்வித்தால் மறுபடி தெளிந்துவிடும்; வலையில் கட்டிகட்டியாகக் காய்ந்துபோனதை என்ன செய்வது? நுண்ணோக்கியில் அடுத்த முறை எப்போது கிடைக்கும் என்பது பதிவேட்டுக்கே வெளிச்சம்.

பகலிலேயே வேலையை முடித்துக்கொள்ளக் கூடாதா என்று தங்கள் அலுவலகத்தில் கேட்டார்கள். பகல் நேரம் கட்டணம் செலுத்தும் வெளி நிறுவனங்களுக்கு, மாணவர்களுக்கு மாலைதான் என்று வகுத்ததும் அதே அலுவலகம்தான். ஐஸ் பெட்டி வாங்கிக்கொள்ளுங்கள் என்ற யோசனையும் வந்தது. உலர வேண்டிய வலையை ஐஸில் வைத்தால் அதன்மேல் ஈரம் கோக்கும், ஐயா. தரமதிப்பீட்டுக் குழு வந்திருந்தபோது இதே கூடம் இரவு வரை ஊட்டியாக இருந்தது. அப்போது மின்கட்டணம் யார் கண்ணையும் உறுத்தவில்லை.

ஆய்வு என்றாலே வீண்செலவு என்ற எண்ணம் இங்கே மட்டும் இல்லை. 2024 ஜூலை பட்ஜெட்டில் ஆய்வக வேதிப்பொருள்களுக்கான சுங்க வரியை 10 சதவீதத்திலிருந்து 150 சதவீதமாக ஏற்றினார்கள். ஆய்வாளர்கள் கொதித்தெழுந்ததும், ஆய்வுப் பயன்பாட்டுக்குப் பழைய விகிதமே திரும்பியது. டில்லியே இறங்கி வந்தது. நம் நிர்வாக அலுவலகம் இருப்பது இரண்டாம் மாடியில்தான்.

கோபத்தில் எழுதிவிட்ட வரிகளைப் பொறுத்தருள வேண்டும். அந்தப் பத்தியைத் திரும்பப் பெறுங்கள் என்பதே எங்கள் விண்ணப்பம். கூடம் முழுவதற்கும் இயலாதென்றால், மாதிரி தயாரிக்கும் சிறிய அறைக்கு மட்டுமாவது இரவு பத்து மணி வரை ஏ.சி. ஓட அனுமதியுங்கள். 25 டிகிரி போதும்.

இப்படிக்கு,
வேதியியல் துறை ஆய்வு மாணவர்கள்