கை வேலையைப் பார்த்துவிட்டுச் சான்றிதழ் கொடுங்கள்

குளிர்சாதன, ஏசி தொழில்துறைச் சங்கத்தின் பயிற்சிக் குழுவினருக்கு,

வணக்கம். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஏசி பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கிறேன். இப்போது என்னிடம் ஆறு மெக்கானிக்குகள் வேலை செய்கிறார்கள். ஆண்டு தவறாமல் சந்தா கட்டும் உறுப்பினன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

அண்மையில் என்னிடம் ஓர் இளைஞர் வேலைக்குச் சேர்ந்தார். நீங்கள் நடத்திய இரண்டு நாள் பயிற்சியின் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார். முதல் நாள் இரண்டு செம்புக் குழாய்களைக் கொடுத்துப் பிரேசிங் (டார்ச்சால் சூடாக்கி, ஒட்டு உலோகத்தை உருக்கி இணைப்பது) செய்யச் சொன்னேன். வெளியே பார்க்க ஒட்டு அழகாகத்தான் இருந்தது. "நைட்ரஜன் விடவில்லையே, தம்பி?" என்று கேட்டேன். "வகுப்பில் சொன்னார்கள் ஐயா, படமும் காட்டினார்கள். சிலிண்டரைத் தொட்டுப் பார்த்ததில்லை" என்றார். குழாயை நீளவாக்கில் அறுத்து உள்ளே காட்டினேன். கரி பூசியதுபோல் இருந்தது. அவர் முகம் வாடிவிட்டது. அந்தத் தம்பியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்தக் கருமை என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். 700 டிகிரிக்கு மேல் சூடேறும் செம்பு, குழாய்க்குள் இருக்கும் காற்றோடு சேர்ந்து செதில் கட்டுகிறது. மெல்ல நைட்ரஜன் ஓடிக்கொண்டிருந்தால் அது உண்டாகாது. உண்டான செதிலோ, மிஷின் ஓட ஓட உதிர்ந்து ஃபில்டரையும், கேபில்லரி என்ற மெல்லிய குழாயையும் அடைக்கிறது, கம்ப்ரசர் எண்ணெயில் கலக்கிறது. எல்லாம் சில மாதங்கள் கழித்துத்தான் தெரியவரும். அப்போது பழி கம்ப்ரசர் மீது விழும். ஒட்டுப் போட்டவர் வேறு எங்கோ அதே மாதிரி ஒட்டுப் போட்டுக்கொண்டிருப்பார்.

எங்கள் தொழிலின் பெரிய சிக்கலே இதுதான். தையல்காரர் தவறாக வெட்டினால் சட்டை அன்றைக்கே காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் தவறு குழாய்க்குள் ஒளிந்துகொள்கிறது. அதனால் பத்து ஆண்டு அனுபவம் இருந்தும் ஒரே பிழையைப் பத்து ஆண்டும் செய்பவர்கள் உண்டு. நானும் அப்படி இருந்தவன்தான். ஒரு பெரியவர் என் ஒட்டை என் கண்முன் அறுத்துக் காட்டிய பிறகுதான் திருந்தினேன். சங்கத்தின் பயிற்சி அந்தப் பெரியவரின் வேலையைச் செய்ய வேண்டும்.

வேக்குவம் எடுப்பதும், அதாவது கேஸ் ஏற்றும் முன் குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி எடுப்பதும், இதே கதை. பலர் கடிகாரத்தைப் பார்த்து அரை மணி நேரம் பம்பை ஓடவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். மிச்சமிருக்கும் அழுத்தத்தை மைக்ரான் என்ற அலகில் அளக்கிறோம்; வளிமண்டல அழுத்தம் 7,60,000 மைக்ரான். சாதாரண கேஜின் முள்ளுக்கு 5,000 மைக்ரானும் 500 மைக்ரானும் ஒன்றுதான். மைக்ரான் கேஜை மாட்டி, 500-க்குக் கீழே இறக்கி, வால்வை மூடிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அளவு கொஞ்சம் ஏறி நின்றுவிட்டால் உள்ளே ஈரம். நிற்காமல் ஏறினால் எங்கோ கசிவு. இதை ஒருவர் தன் கையால் மூன்று முறை செய்து பார்த்துவிட்டால் ஆயுளுக்கும் மறக்கமாட்டார். நூறு பேர் உட்கார்ந்திருக்கும் மண்டபத்தில் திரையில் காட்டினால் மதியச் சாப்பாட்டுக்குள் மறந்துவிடும்.

இப்போது இதை எழுதுவதற்குக் காரணம் ஏசியைக் குளிர்விக்கும் கேஸ் மாறிக்கொண்டிருப்பதுதான். புவியைச் சூடாக்கும் கேஸ்களைப் படிப்படியாகக் குறைக்க, மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்கு 2016-இல் கிகாலியில் ஏற்கப்பட்ட திருத்தம் 2019 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2,088 என்ற புவி வெப்பமாக்கும் மதிப்புள்ள (கார்பன் டை ஆக்சைடுக்கு 1 என்று வைத்து ஒப்பிடும் அளவு) ஆர்-410ஏ பின்வாங்க, 675 உள்ள ஆர்-32 வந்துவிட்டது. ஆர்-290 வந்துகொண்டிருக்கிறது. பூமிக்கு நல்லது, மனமார வரவேற்கிறேன். ஆனால் ஆர்-32 மெல்லத் தீப்பிடிக்கும் ஏ2எல் வகை. ஆர்-290 என்பது புரொப்பேன், எளிதில் தீப்பிடிக்கும் ஏ3 வகை. காற்றில் சுமார் 2.1 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோரம் தேங்கும். தீப்பிடிக்காத பழைய ஆர்-22 கேஸ் காலத்தில் கசிவைக் கவனிக்காவிட்டால் வாடிக்கையாளரின் மிஷின் கெடும், காற்று மண்டலத்துக்குக் கேடு. இப்போது மெக்கானிக்கின் உயிரே போகலாம். அந்தத் தம்பியின் இரண்டு நாள் பயிற்சியில் இதற்குக் கிடைத்தது அரை மணி நேரம். அதையும் ஒரு நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதி எடுத்திருக்கிறார். அவர் தன் மிஷினை நன்றாக அறிந்தவராக இருக்கலாம். ஆனால் பழைய மிஷினைத் திறந்து, மிச்சக் கேஸை வெளியேற்றி, அதன் பிறகே டார்ச்சைப் பற்றவைக்கும் ஒழுங்கை, அந்த வேலையையே செய்து பழகியவர்தான் கற்றுக்கொடுக்க வேண்டும்.

வந்து உட்கார்ந்தவருக்குப் பங்கேற்புச் சான்று கொடுங்கள், அதில் தவறில்லை. "தகுதி பெற்றவர்" என்று எழுதும் தாளை மட்டும், ஒட்டை அறுத்துப் பார்த்து, வேக்குவம் நிற்கிறதா என்று பார்த்து, அதன் பிறகு கொடுங்கள். கற்றுக்கொடுத்தவரே தேர்வாளராக இருக்க வேண்டாம். ஆட்களுக்குச் சான்றளிக்கும் அமைப்புகளுக்கான ஐஎஸ்ஓ/ஐஇசி 17024 என்ற சர்வதேசத் தரமும் நடுநிலைமையை வலியுறுத்துகிறது. ஒரு குழுவில் எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். தேறாதவருக்கு மறுதேர்வுக்குக் கட்டணம் வாங்காதீர்கள். வகுப்பைக் கோடையில் வைக்காதீர்கள், அப்போது எந்த முதலாளியும் ஆளை விடமாட்டார்.

தேறாதோர் எண்ணிக்கை கூடும், உறுப்பினர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று நீங்கள் தயங்கலாம். என் ஆறு பேரில் எத்தனை பேர் தேறுவார்கள் என்று எனக்கே நிச்சயமில்லை. இருந்தாலும் முதல் குழுவில் அவர்களை அனுப்பத் தயாராக இருக்கிறேன். அந்தத் தம்பியும் வருவார். இப்போது அவர் நைட்ரஜன் இல்லாமல் டார்ச்சைத் தொடுவதில்லை.

இடம்தான் தடை என்றால், மாதத்தில் இரண்டு நாள் என் பட்டறையை எடுத்துக்கொள்ளுங்கள். நைட்ரஜன் சிலிண்டர், இரண்டு வேக்குவம் பம்புகள், மைக்ரான் கேஜ், அறுத்துப் பார்க்கக் கழிவுக் குழாய்கள் எல்லாம் இருக்கின்றன. அடுத்த செயற்குழுவில் தேதி முடிவு செய்து சொல்லுங்கள். அந்த நாட்களில் வெளிவேலை எடுக்காமல் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சங்கத்தின் உறுப்பினன்