அந்தக் கடைசி மேசைக்கு மறுபடியும் வாருங்கள்

சேலத்தில் சென்ற வாரம் நடந்த பள்ளி மாணவர் அறிவியல் கண்காட்சியின் நடுவர் குழுவினருக்கு,

வணக்கம். நடந்தது உங்களுக்கே தெரியும். வராந்தாவின் கோடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போட்டிருந்த மேசை. ‘விண்வெளி வீரர்களின் சாப்பாடு, அன்றும் இன்றும்’ என்று அட்டையில் எழுதி ஒட்டிவிட்டு நின்ற எட்டாம் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர். உங்களில் ஒருவர் தட்டிலிருந்த உருண்டைகளைப் பார்த்தார். “இது சமையல் போட்டி இல்லம்மா, வொர்க்கிங் மாடல் எங்கே?” என்றார். பதிலுக்கு நிற்காமல் நகர்ந்துவிட்டார். அவர்களை அழைத்து வந்த ஆசிரியை நான். அன்று வாயை மூடிக்கொண்டு நின்றுவிட்டேன், அது உறுத்துவதால் எழுதுகிறேன்.

அந்த உருண்டை என்னவென்று சொல்கிறேன். 1965-இல் அமெரிக்காவின் ஜெமினி 3 விண்கலத்தில் போன விண்வெளி வீரர் ஜான் யங், உடையின் பைக்குள் ஒரு சாண்ட்விச்சை ஒளித்து எடுத்துப் போனார். கூடப் போன கிரிஸம் அதைக் கடித்ததும் ரொட்டித் துணுக்குகள் மிதக்க ஆரம்பித்தன. அவசரமாக அதைப் பைக்குள் போட்டுக்கொண்டார். விவகாரம் அமெரிக்க நாடாளுமன்றம் வரை போனது. எடையற்ற இடத்தில் துணுக்கு கீழே விழாது. கண்ணுக்குள் போகும், கருவிக்குள் புகும். அதனால்தான் ஜெமினி காலத்தில் சாப்பாட்டை ஒரே வாயில் போடும் கட்டிகளாகச் செய்து, மேலே ஜெலட்டின் பூசி அனுப்பினார்கள்.

இதைப் படித்துவிட்டு என் மாணவிகள், “ஜெலட்டினுக்கு நாம எங்க டீச்சர் போறது?” என்று கேட்டார்கள். அப்புறம் அவர்களே கண்டுபிடித்தார்கள், ஜவ்வரிசி! சாமையை வறுத்து அரைத்து, வெல்லப்பாகு சேர்த்து உருட்டி, மேலே ஜவ்வரிசிக் கஞ்சியைப் பூசினார்கள். முதல் தடவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. அடுத்த தடவை கஞ்சி கெட்டியாகிப்போய் வெடித்தது. ஏற்காட்டில் அந்த வாரம் முழுக்க மூடுபனி, வெயிலே இல்லை. முறத்தில் பரப்பி அடுப்பு மேட்டில் இரண்டு நாள் காயவைத்தார்கள். மூன்றாவது தடவை கண்ணாடி மாதிரி மெல்லிய தோல் பிடித்தது. கறுப்புத் துணியின் மேல் உலுக்கினால், பூசாத உருண்டையிலிருந்து மாவு கொட்டும். பூசியதிலிருந்து ஒன்றும் உதிராது. நீங்கள் கேட்ட வொர்க்கிங் மாடல் அதுதான். அந்தத் துணி மடித்தபடியே மேசையில் இருந்தது.

அன்று காலை முதல் பஸ்ஸில் இறங்கினோம். இருபது கொண்டை ஊசி வளைவுகள். சின்னவளுக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது, அடிவாரம் வருவதற்குள் மூன்று முறை வாந்தி எடுத்தாள். மடியிலிருந்த டப்பாவை மட்டும் யாரிடமும் கொடுக்கவில்லை. முகம் கழுவிக்கொண்டு, “டிட்டோவும் வாந்தி எடுத்தாரில்ல டீச்சர்” என்றாள். 1961-இல் ஒரு நாளுக்கு மேல் பூமியைச் சுற்றி வந்த ரஷ்ய வீரர் அவர். நடுவர்கள் எந்த நேரமும் வரலாம் என்று சொன்னதால் இருவரும் மதியம் சாப்பிடப் போகவில்லை. நான்கு மணிக்கு வந்தீர்கள். ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.

தயவுசெய்து அவர்கள் சொல்ல வந்ததை உட்கார்ந்து கேளுங்கள்.

குழாயிலிருந்து பிதுக்கித் தின்ற கூழில் தொடங்கி, 1973-இல் ஸ்கைலாப் என்ற அமெரிக்க விண்வெளி நிலையத்தில் குளிர்பெட்டியும் சாப்பாட்டு மேசையும் வந்தது, 1985-இல் ரொட்டிக்குப் பதிலாக சப்பாத்தி மாதிரியான, உதிராத டார்ட்டியா போனது, 2015-இல் விண்வெளி நிலையத்திலேயே வளர்த்த கீரையைத் தின்றது வரை வரிசையாகச் சொல்வார்கள். அங்கே உடம்பின் நீர் தலைப்பக்கம் ஏறி மூக்கு அடைத்துக்கொள்ளும், அதனால் ருசி மங்கிவிடும், காரமாகக் கேட்பார்கள். பெரியவள் இதை, “ஜலதோஷத்துல ரசம் சப்புன்னு இருக்குமே, அது மாதிரி” என்று விளக்குவாள். 2025-இல் நம் விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா கேரட் அல்வாவும் பாசிப்பருப்பு அல்வாவும் கொண்டுபோன செய்தியில்தான் இவர்களுக்கு இந்த ஆசையே வந்தது. “அல்வா உதிராது, அதான் டீச்சர்” என்று முதலில் சொன்னவள் சின்னவள். இன்று உலகெங்கும் உணவு ஆலைகள் பின்பற்றும் ஹெச்.ஏ.சி.சி.பி. பாதுகாப்பு முறையே விண்வெளி வீரருக்குக் கெட்டுப்போகாத உணவு தரப் பிறந்ததுதான். இதைச் சமையல் என்று தள்ள எப்படி மனம் வந்தது?

கடையில் ரெடிமேடாக வாங்கிய மாடலில் பல்பு எரிந்தால் அது அறிவியல். அடுப்படியில் இரண்டு தடவை தோற்று நான்கைந்து நாள் உழைத்தால் அது சமையல். மலைப் பள்ளிகளுக்கு வருஷாவருஷம் கடைசி மேசைதான், பிளக் பாயிண்ட்கூட இருக்காது. பெண்பிள்ளைகள் கையில் மாவைப் பார்த்தாலே அறிவியல் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. இதையெல்லாம் எத்தனை வருஷம் பொறுத்துக்கொள்வது?

கோபத்தில் நீட்டிவிட்டேன், மன்னியுங்கள். பரிசு கேட்கவில்லை. மதிப்பெண் தாளில் எழுதிய ‘சமையல்’ என்ற சொல்லை அடித்துவிடுங்கள். ஒரு கால்மணி நேரம் ஒதுக்கி அந்தப் பெண்கள் பேசுவதைக் கேளுங்கள். நீங்கள் மலையேற வேண்டாம், நாங்களே இறங்கி வருகிறோம். தேதியை மட்டும் நான்கு நாள் முன்னதாகச் சொல்லுங்கள். புதிதாக உருட்ட வேண்டும், தோல் காய இரண்டு நாள் பிடிக்கும்.

இப்படிக்கு,
ஏற்காடு மலைக் கிராமப் பள்ளியின் அறிவியல் ஆசிரியை